பென்சீன் குறைந்த மாதங்கள்

அரியலூர்
6 ஜனவரி 2025

கலை அண்ணனுக்கு,

செல்வி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அறை மாறிவிட்டேன், ஜன்னல் இருக்கிறது. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் "நல்லாருக்கோம், வை" என்கிறாய். அதனால்தான் காகிதம்.

பொட்டலத்தில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று விரல் நீளக் குழாய். உள்ளே கரி. பெட்ரோல், பெயிண்ட், தின்னர் இவற்றிலிருந்து கிளம்பும் ஆவியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று வெள்ளை வில்லை. அது ஓசோனுக்கு. இரண்டு ஊர்க் காற்றையும் எங்கள் துறை ஓராண்டு அளக்கிறது. அரியலூரில் கல்லூரி மாடியில் கருவி. பெரம்பலூரில் ஏழு வீடுகள். அதில் ஒன்று உன்னுடையது. நான்தான் பெயர் கொடுத்தேன். முன்னால் பஸ் ரோடு, பின்னால் நீ பெயிண்ட் அடிக்கும் ஷெட். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றார் பேராசிரியர். நல்ல இடம் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

கொல்லையில் துணிக்கொடி கட்டியிருக்கும் கம்பத்தில் மாட்டு. மூடியைக் கழற்று. இரண்டு வாரம் கழித்து மூடி, நேரத்தைச் சீட்டில் எழுதி, கண்டக்டர் வீரமணியின் பஸ்ஸில் கொடுத்துவிடு. அவர் தன் பைக்குள்ளேயே வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். சீட்டோடு ஒரு கடிதமும் வை.

ஓசோன் என்றால் என்ன என்று கேட்பாய். வண்டிப் புகையும் இந்த ஆவியும் வெயிலில் சேர்ந்தால் உண்டாகும் வாயு. நெஞ்சை அரிக்கும். வேடிக்கை என்னவென்றால் ரோட்டோரம் அது குறைவு. வண்டி விடும் புதுப்புகையே அதைத் தின்றுவிடும். ஊரைத் தாண்டி, புகை வாசமே இல்லாத வயலில்தான் அதிகம்.

பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன்.

உன் தங்கை
செல்வி

*

பெரம்பலூர்
22.1.2025

செல்விப் பாப்பாவுக்கு அண்ணன் எழுதுறது.

நாங்க ரெண்டு பேரும் சவுக்கியம். மெஸ் சாப்பாடு ஒத்துக்குதா? பொங்கலுக்கு வருவேன்னு மேகலா கரும்பு ஒரு கட்டு வாங்கி வச்சா. மாட்டுப் பொங்கல் வரைக்கும் பார்த்துட்டு நாங்களே கடிச்சுத் துப்பிட்டோம்.

குழாய் நீ சொன்ன கம்பத்துலதான் தொங்குது. பக்கத்து வூட்டுக்காரர் கேமராவான்னு கேட்டார். ஆமாங்க, நீங்க சாக்கடையில குப்பை கொட்டுறது நேரா கலெக்டர் ஆபீசுல தெரியும்னு சொன்னேன். மூணு நாளா குப்பை விழல. உங்க ஆராய்ச்சியில இதையும் சேர்த்துக்க.

ஷெட்டுல இடமில்ல. சிமெண்ட் ஏத்துற பல்கர் லாரி வரிசையா நிக்குது. எல்லாம் உங்க ஊருக்கு வர்றதுதான். பச்சை டேங்கு, நடுவுல மஞ்சக் கோடு. ஜன்னல்ல நின்னு பாரு. கோடு நேரா போனா அது நான் அடிச்சது. கோணலா போனா சக்தி அடிச்சது. அவன் என்கிட்டதான் கத்துக்கிட்டான்னு யார்கிட்டயும் சொல்லிடாத.

ஓசோன் கதையை மேகலாகிட்ட சொன்னேன். டவுனுக்குள்ள நாம விடுற புகைக்கு வயக்காட்டுல நிக்கிறவங்க இருமணுமான்னு கேக்குறா. அவ அம்மா ரஞ்சன்குடியில இருக்குல்ல, அந்தக் கோவம்.

உடம்பைப் பார்த்துக்க.

கலைச்செல்வன்

*

அரியலூர்
5 பிப்ரவரி 2025

அண்ணே,

சுகம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்தத் தடவை முடியவில்லை.

உன் குழாயை நேற்று இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தேன். டொலுவீன் இருக்கும் என்று தெரியும். தின்னர் என்றாலே அதுதான். பென்சீன் இருக்கும் என்று தெரியாது. நாற்பத்தொன்று. ஐந்தைத் தாண்டக் கூடாது. இயந்திரம் பிசகியிருக்கும் என்று மறுபடி ஓட்டினேன். நாற்பது.

மற்ற ஆறு வீடுகளில் நான்கு, ஆறு, ஐந்து என்றுதான் வந்திருக்கிறது.

துணி காயும் இடத்தில் இவ்வளவு என்றால் ஷெட்டுக்குள் எவ்வளவு? உங்கள் தின்னர் கேனில் பெயர் ஏதாவது ஒட்டியிருக்கிறதா? சில்லறையில் வாங்கும் மலிவுச் சரக்கில் பென்சீன் கலந்திருக்கும். மூச்சில் போகும். எலும்புக்குள் போய் உட்காரும். ரத்தம் அங்கேதான் ஊறுகிறது. நீ முகத்தில் கட்டும் துண்டு தூசியைத் தடுக்கும். ஆவியைத் தடுக்காது.

ஸ்பிரே வேலையை விடு. பன்னிரண்டு வருடம் போதும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு என்று இருப்பது நீதான். இதைச் சொல்ல வைக்காதே.

கோபத்தில் எழுதவில்லை. அந்த எண் குறைந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அவ்வளவுதான்.

அண்ணியிடம் இதைக் காட்டு.

செல்வி

*

பெரம்பலூர்
24.2.2025

பாப்பாவுக்கு,

நலம்தான், நீ பயப்படாத. பக்கத்துல நின்னு அழுற மாதிரியே எழுதியிருக்க. மேகலாவுக்குப் படிச்சுக் காட்டுனேன்.

ஓனர்கிட்ட பேசிட்டேன். ஸ்பிரே வேலையை எல்லாம் பைபாஸ் பக்கம் புது ஷெட்டுக்குக் கொண்டு போயாச்சு. இங்க எழுத்து வேலை மட்டும்தான். நான் வாசல்ல காத்தாட உட்கார்ந்து 'ஒலி எழுப்பவும்' எழுதிக்கிட்டு இருக்கேன். ஒரு லாரிக்காரர் குழந்தை பேரு எழுதச் சொன்னார். மூணு குழந்தை பேரையும் எழுதி முடிச்சதும் நாலாவது வருதுன்னு இடம் விடச் சொன்னார்.

புதுக் குழாய் இதோட வருது. வில்லையும் இருக்கு. ஓட்டிப் பாரு, உனக்கே தெரியும்.

இங்க ஒரு கூத்து. என் கையில முழங்கைக்கு மேல நீலமா ஒரு திட்டு. பெயிண்டுன்னு மேகலா மண்ணெண்ணெய் தொட்டுத் தேய் தேய்னு தேய்ச்சா. போகவே இல்ல. எங்கயோ இடிச்சிருக்கும். லாரிக்கு அடிக்கிற பெயிண்டு மழையில போயிடுது, எனக்கு அடிச்சது நிக்குதுன்னு சொன்னேன். அவ சிரிக்கல.

பட்டுக்கோட்டைப் பக்கம் காத்து மழைன்னு சொன்னாங்க. உங்க மாடிக் கருவியை மூடி வை.

அண்ணன்

*

அரியலூர்
14 மார்ச் 2025

அன்பு அண்ணனுக்கு,

இரண்டு. நாற்பத்தொன்று இரண்டாகிவிட்டது.

இயந்திரத்தின் திரையில் பென்சீன் வரும் இடத்தில் ஒரு மேடு வரும். உன் மேடு மலை மாதிரி இருந்தது. நேற்று அங்கே ஒரு எறும்புப் புற்று. ஆய்வுக்கூடத்தில் தனியாக நின்று சிரித்தேன். கவிதா என்று என்னோடு வேலை செய்யும் பெண் உள்ளே வந்து என்ன என்றாள். எங்கண்ணன் பேச்சைக் கேட்டுட்டான் என்றேன். உலகத்தில் யாருடைய அண்ணனாவது கேட்டிருக்கிறானா என்றாள்.

பேராசிரியரிடம் காட்டினேன். ஒரு ஷெட்டை இடம் மாற்றினால் குடியிருப்பில் எவ்வளவு குறைகிறது என்பதற்கு உன் வீடு சாட்சி என்கிறார். கட்டுரையில் ஒரு பத்தி வரும்.

வில்லைகளைச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறேன். ஓசோன் எண் வர இரண்டு மூன்று மாதமாகும். அவசரமில்லை. எனக்கு வேண்டிய எண் வந்துவிட்டது.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு மாடிக் கருவி உச்சத்துக்குப் போகிறது. அப்போது வானம் மிகவும் சுத்தமாகத் தெரிகிறது. அதுதான் சங்கடம்.

நன்றாகத் தூங்கினேன், அண்ணே. அண்ணிக்கு என் அன்பு.

செல்வி

*

பெரம்பலூர்
4.4.2025

பாப்பாவுக்கு,

சுகம். சுகமா இரு.

வெயிலுக்கு ஆயாசமா வருது. மாடிப்படி ஏறினா ரெண்டு தடவை நிக்க வேண்டியிருக்கு. வயசு முப்பத்தாறுதான் ஆகுது, தொப்பையும் இல்ல. மேகலா கேழ்வரகுக் கூழ் கரைச்சுக் குடுக்குறா.

குழாய் இதோட இருக்கு. நம்பர் நல்லா வந்திருக்கும்.

எப்ப வரேன்னு மேகலா கேக்கச் சொன்னா. நான் கேக்கல, அவதான்.

கலை

*

அரியலூர்
28 ஏப்ரல் 2025

அண்ணே,

எப்படி இருக்கிறாய்? நான் நலம். இரண்டு பொட்டலம் வந்தது. இரண்டிலும் சீட்டு மட்டும். கடிதம் எங்கே? சீட்டில் கையெழுத்தும் அண்ணியுடையது. நீ பெரிய ஓவியராகிவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஏழைத் தங்கைக்குக் கடிதம் எழுத நேரமில்லை.

எண்கள் இப்போதும் நன்றாக இருக்கின்றன. ஒன்றரை. இரண்டு. உன் குழாயை இப்போது கடைசியாகத்தான் ஓட்டுகிறேன். மற்ற வீடுகளின் எண்ணைப் பார்த்துச் சலித்த பிறகு, இனிப்பு மாதிரி.

சித்திரைக்கு வரவில்லை. வெயில் மாதங்களில்தான் ஓசோன். ஒரு நாள் கருவியை விட்டாலும் அந்த நாள் போய்விடும். ஒரு மணி நேரப் பஸ்தான், தெரியும். தெரிந்துகொண்டே இருக்கிறேன்.

பதில் எழுது. நாலு வரி போதும். சக்தியின் கோடு நேராகிவிட்டதா?

செல்வி

*

அரியலூர்
20 மே 2025

அண்ணனுக்கு,

ஓசோன் எண்கள் சென்னையிலிருந்து இன்று வந்தன.

ஜனவரியில் உன் வில்லை இருபத்தெட்டு. பஸ் ரோட்டுக்கு அது சரி. பிப்ரவரி கடைசியிலிருந்து எண்பத்தைந்து. தொண்ணூறு. தொண்ணூற்றாறு. மற்ற ஆறு வீடுகளும் வெயிலுக்கு ஏற்ப கொஞ்சம் ஏறி நாற்பதில் நிற்கின்றன.

ஸ்பிரேயை நிறுத்தினால் பென்சீன் குறையும். ஓசோன் இப்படி ஏறாது. ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அந்தப் புகை அதைத் தின்ன வேண்டும். அதோடு, ரோட்டோர வீட்டில் பென்சீன் ஒன்றரைக்கு இறங்கவே முடியாது. எதிர் வீட்டு ஸ்கூட்டரே அதற்குப் போதும். இது மார்ச்சிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாணவி இப்படி எண் கொண்டுவந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இது டவுன் காற்று இல்லை. வண்டியே போகாத இடத்துக் காற்று.

குழாயை எங்கே மாட்டினாய்?

போனை எடு. காலையிலிருந்து அடிக்கிறேன். அண்ணியும் எடுக்கவில்லை. இதை வீரமணி கையில் கொடுக்கிறேன்.

செல்வி

*

திருச்சி
21.5.2025

பாப்பாவுக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல மேகலா எழுதுறா. கையில ஊசி குத்தி வச்சிருக்காங்க, அதான். வேற ஒண்ணுமில்ல. வீரமணி பூட்டின வூட்டைப் பார்த்துட்டு, விசாரிச்சுக்கிட்டு இங்கயே வந்து உன் கடுதாசியைக் குடுத்துட்டுப் போனார்.

குழாயை ரஞ்சன்குடியில மாட்டினேன். அத்தை வூட்டு முருங்கை மரத்துல. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா நானோ மேகலாவோ போய் மாத்திட்டு வருவோம். ஆடு எட்டிக் கடிக்காம அத்தை முள் கட்டி வச்சிருந்தாங்க.

திட்டாத. முதல்ல கேளு. பைபாஸ் ஷெட்டுன்னு ஒண்ணும் கிடையாது. லாரி அத்தனையும் என் கையை நம்பி வந்து நிக்குது. நான் விட்டா ஓனர் வேற ஆள் பார்ப்பார். எனக்கு வேற என்ன தெரியும்? நீ நம்பர் குறையணும்னு எழுதின. குறைஞ்சாத்தான் சோறு இறங்கும்னு எழுதின. சரி, பாப்பாவுக்குச் சோறாவது இறங்கட்டும்னு குறைச்சேன். நல்ல நம்பர் வந்தா உங்க சாரும் உன்னை மெச்சுவார்னு நினைச்சேன். பரீட்சை மாதிரின்னு நினைச்சுட்டேன். அந்த வில்லை காட்டிக் குடுக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீதான் மொத கடுதாசியிலயே எழுதியிருந்தியாம், வயல்ல அதிகம்னு. உன் கடுதாசியெல்லாம் மேகலா பையிலதான் இருக்கு, இப்ப எடுத்துப் படிக்கிறா. நான் அதுல சிரிச்சதுதான் ஞாபகம் இருக்கு.

ஆராய்ச்சி கெட்டுப் போச்சா? அதை மட்டும் சொல்லு.

செல்வி, அவர் தூங்கிட்டார். இனிமே நான் சொல்றது.

ஏப்ரல் பாதியில இருந்து ஈறுல ரத்தம். பல் குச்சி குத்திடுச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். சித்திரைக் கடைசியில ஷெட்டுலயே மயங்கி விழுந்தார். திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து பன்னிரண்டு நாள் ஆகுது. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுறது நின்னு போச்சுங்கிறாங்க. இதுவரைக்கும் அஞ்சு பாட்டில் ரத்தம் ஏத்தியாச்சு. இதனாலதான்னு டாக்டர் சொல்லல. பெயிண்ட் அடிக்கிறவரான்னு கேட்டார். எத்தனை வருஷம்னு கேட்டார். பன்னிரண்டுன்னேன், எழுதிக்கிட்டார்.

உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். வெயில் காலம் முடியட்டும், அவளுக்கு வேலை இருக்குன்னார். உன் போன் வரும்போதெல்லாம் அவர்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

வா.

மேகலா

*

ரஞ்சன்குடி
11.8.2025

செல்விக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தியா? சாப்பிடுறியா? நானும் அம்மாவும் இருக்கோம். உங்கண்ணன் காரியம் முடிஞ்சு நீ பஸ் ஏறின மறுநாளே நான் இங்க வந்துட்டேன். டவுன் வூட்டைக் காலி பண்ணியாச்சு. சக்தி வந்து சாமான் ஏத்திக் குடுத்தான். இப்ப அவன்தான் ஷெட்டுல ஸ்பிரே அடிக்கிறான். நீ அவன்கிட்ட பேசினதைச் சொன்னான். விடுறேன்க்கா, தீபாவளி வரைக்கும்ங்கிறான்.

ரெண்டு மாசம் ராப்பகலா நீ ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன், மனசுல வச்சுக்க முடியல. ஜனவரியில இருந்து ஒரு தடவை, ஒரே தடவை நீ பஸ் ஏறி வந்திருந்தா கொல்லையில குழாய் இல்லாததைப் பார்த்திருப்ப. அவர் முகத்தைப் பார்த்திருப்ப. சொல்லிட்டேன். இனிமே சொல்ல மாட்டேன்.

எங்கம்மா மத்தியானம் களத்துல நின்னா நெஞ்சு எரியுதுங்குது. நீ அளந்தது அதுதானா? இங்க புகையே இல்லையே. எதைச் சொல்லி நான் அவங்களை உள்ள உட்கார வைக்கிறது?

இன்னொண்ணு கேக்கணும். யார்கிட்டயும் கேக்க முடியாது, நீ படிச்சவ. காரியத்துக்கு முன்னாடி அம்மா அவர் துணியெல்லாம் துவைச்சுப் போட்டுட்டாங்க. ஷெட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போற காக்கிச் சட்டை மட்டும் ஒரு பைக்குள்ள மாட்டித் தப்பிச்சிடுச்சு. மயங்கி விழுந்த அன்னைக்குப் போட்டிருந்தது. அதுல இன்னும் அந்தத் தின்னர் வாசம் இருக்கு. கல்யாணம் ஆன புதுசுல அந்த வாசம் எனக்குக் கொமட்டும். இப்ப தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் படுக்கிறேன். முகர்ந்து பார்த்துட்டுத்தான் கண்ணை மூடுறேன்.

அம்மா திட்டுது. அந்த விஷம்தானே அவரைக் கொண்டு போச்சு, தூக்கிப் போடுன்னு.

அது எனக்குக் கெடுதலா? கெடுதல்னா துவைச்சிடுறேன். நீ சொல்றபடி செய்றேன்.

மேகலா

*

அரியலூர்
16 ஆகஸ்ட் 2025
(எழுதி, அனுப்பாதது)

அண்ணி,

தின்னர் துணியில் இரண்டு நாள் நிற்கும். மூன்று நாள். பிறகு பறந்துவிடும். பறப்பதுதான் அதன் குணம். அதனால்தான் அது அவனுக்குள் போனது.

அவன் அந்தச் சட்டையை மே மாதம் கழற்றினான். இது ஆகஸ்ட். அதில் காய்ந்த பெயிண்ட் இருக்கும். வேர்வை உப்பு இருக்கும். பச்சை இருக்கும், மஞ்சள் இருக்கும். வாசம் இருக்காது. அதை ஒரு பையில் போட்டு, பைக்குள் இருக்கும் காற்றை இயந்திரத்தில் ஓட்டினால் கோடு தட்டையாகப் போகும். எத்தனை முறை ஓட்டினாலும்.

நீங்கள் முகர்வது

*

அரியலூர்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

வந்து சேர்ந்தேன். சாப்பிடுகிறேன். நீங்களும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், தனித்தனியாக வேண்டாம்.

நீங்கள் சொன்னது சரி. நான் வந்திருக்க வேண்டும்.

அம்மாவுக்கு நெஞ்சு எரிவது நிஜம்தான், கற்பனை இல்லை. டவுனில் கிளம்பியது வெயிலில் வெந்து அங்கே வந்து சேர்கிறது. கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை களத்தில் நிற்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். விடிந்ததும் வேலையை வைத்துக்கொள்ளட்டும். முருங்கை மரத்து எண்களை நான் நீக்கிவிடத்தான் நினைத்தேன். பேராசிரியர் விடவில்லை. எங்களிடம் இருக்கும் ஒரே கிராமத்து அளவு அதுதான் என்கிறார். இடம் என்று இருந்த கட்டத்தில் பெரம்பலூரை அடித்துவிட்டு ரஞ்சன்குடி என்று எழுதினேன். எதுவும் கெட்டுப்போகவில்லை. அவனிடம் ஆஸ்பத்திரியிலேயே இதைச் சொன்னேன், கேட்டானா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். இரண்டு நாள் இருப்பேன். கருவியைக் கவிதா பார்த்துக்கொள்வாள்.

சட்டையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதில் இருக்கும் வாசம் மிகவும் கொஞ்சம். அதனால் யாருக்கும் கெடுதல் வராது. துவைக்க வேண்டாம், அண்ணி. பைக்குள் வைத்து வாயைக் கட்டி வையுங்கள், அப்போதுதான் நிற்கும்.

செல்வி